கடை நடத்துகிறவரும் ஊர் வறுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பலசரக்குக் கடை, பேக்கரி, அரைக்கும் ஆலை, விருந்தினர் விடுதி என்று எல்லா வகையும் உண்டு. ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் “ஊருக்கு ஏதும் செய்யவேணும்” என்ற பேச்சு வரும். கூடவே சந்தேகங்களும் வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

“நிலைபேறான அபிவிருத்தி” எண்டு எல்லாரும் சொல்லீனம். உண்மையில அது என்ன?

இன்றைய தேவையை நாம் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் நாளைக்கு வரப்போகிறவர்களின் வழியை அடைத்துவிடக் கூடாது. 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு தந்த விளக்கத்தின் சாரம் இதுதான். 2015இல் உலக நாடுகள் 2030ஐக் குறிவைத்து 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. முதலாவது வறுமை ஒழிப்பு, எட்டாவது கண்ணியமான வேலை. இலங்கையிலும் 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்த ஐ.நா. வேண்டாம், கிணறே போதும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்த் தண்ணீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. குடிப்பதும் அதைத்தான், தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். உரமும் மலக்குழிக் கழிவும் இறங்கினால் நைத்திரேற்று கூடும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது காசுள்ளவர் போத்தல் தண்ணீர் வாங்கினார். இல்லாதவர் பௌசர் வரும்வரை குடத்தோடு காத்து நின்றார். சூழல் கெட்டால் முதலில் அடிபடுகிறவர் ஏழை. அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

நான் ஒரு சின்னக் கடைக்காரன். வறுமையை ஒழிக்கிறது அரசாங்கத்தின்ர வேலையில்லையோ?

அரசின் வேலைதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டது. இதை எந்தக் கடையாலும் தனியாகச் சரிசெய்ய முடியாது. 2023இல் தொடங்கிய அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு போன்ற உதவிகளின் இடத்தை உங்கள் கடை பிடிக்கவும் தேவையில்லை.

ஆனால் அஸ்வெசுமக் காசில் ஒரு குடும்பம் முழு மாதமும் சாப்பிட முடியாது. மிச்சத்துக்கு யாரோ ஒருவர் அவர்களிடம் பொருள் வாங்க வேண்டும், அல்லது வேலை கொடுக்க வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு சின்ன முதலாளிதான். கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: உங்கள் கொப்பியில் நன்கொடைக்கு ஒரு வரி இருக்கும், கொள்வனவுக்கு நாற்பது தாள் இருக்கும். ஊருக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார்கள்.

வருசா வருசம் பொதி குடுக்கிறம், ரெண்டு பேருக்குத் தையல் மெஷினும் வாங்கிக் குடுத்தம். அது காணாதோ?

பொதி கொடுப்பதில் பிழையில்லை. வெள்ளம் வந்த கிழமையில் அரிசிப் பொதியைவிட நல்லது வேறொன்றும் இல்லை. தையல் மெஷின் கதை வேறு. யுத்தம் முடிந்த பிறகு வடக்கில் வாழ்வாதார உதவி என்றாலே தையல் மெஷின், கோழிக்குஞ்சு, ஆடு என்றாகிவிட்டது. ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் மெஷின் இருந்தால், யார் யாருக்குத் தைப்பது? பல வீடுகளில் அது துணி போட்டு மூடியபடி, மேலே சாமிப் படமும் மருந்துப் போத்தலும் வைக்கிற மேசையாக நிற்கிறது.

மெஷின் கொடுத்தவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் விடுதித் தலையணை உறைகளை எங்கே வாங்குகிறீர்கள்? கொழும்பில் என்றால், அடுத்த முறை அந்த ஓடரை மெஷின் பெற்றவரிடம் கொடுங்கள். முதல் தொகுதியில் தையல் கோணலாக வரலாம். அளவையும் மாதிரியையும் கையில் கொடுத்து, பிழைத்ததைத் திருத்தச் சொல்லி, திரும்பவும் ஓடர் கொடுங்கள். திரும்பக் கொடுக்கிற அந்த இரண்டாவது ஓடரில்தான் உதவி தொழிலாக மாறுகிறது.

சாமான் வாங்கிப் போட்டுக் காசை ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சுக் குடுக்கிறது வழமைதானே. அதால என்ன வந்திடும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அம்மா கிழமைக்கு 20,000 ரூபாவுக்கு மிக்சரும் மோர் மிளகாயும் செய்து உங்கள் கடையில் போடுகிறார். எண்ணெய், கடலை, மிளகாய், பொதி என்று செலவு 14,000. அவருக்கு நிற்பது 6,000. நீங்கள் இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட காசோலை கொடுக்கிறீர்கள். முதல் காசோலை மாறுகிற நாளில் அவர் எட்டுக் கிழமைச் சாமான் கொடுத்து முடித்திருப்பார். அதாவது 112,000 ரூபா அவருடைய கையை விட்டுப் போய் உங்கள் தட்டில் நிற்கிறது. அந்தக் காசு அவரிடம் ஏது? நூறுக்கு மாதம் ஐந்து வட்டிக்கு வாங்குகிறார். ஒவ்வொரு 14,000க்கும் இரண்டு மாத வட்டி 1,400. ஆறாயிரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. உங்கள் கடை அந்த அம்மாவிடம் வட்டியில்லாமல் கடன் வாங்குகிறது. அவர் வட்டி கட்டுகிறார். இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, வழமை அப்படி. ஆனால் வறுமை இப்படித்தான் ஒரு வீட்டில் தங்கிப் போகிறது.

சந்தையிலும் இதே கதை இன்னொரு வேஷத்தில் நடக்கிறது. எங்கள் மரக்கறிச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோ “கழிவு” என்று கழித்துவிட்டுத் தொண்ணூறு கிலோவுக்குக் காசு கொடுப்பது கமக்காரரின் நெடுநாள் முறைப்பாடு. ஈரம், சேதம் என்று காரணம் சொல்வார்கள். உலர்ந்த வெங்காயத்துக்கும் அதே பத்துத்தான். நீங்கள் உணவகத்துக்கோ கடைக்கோ தோட்டத்தில் நேரே வாங்குகிறவர் என்றால், நிறுத்த நிறைக்குக் காசு கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள். விலையில் ஒரு ரூபா கூட்டத் தேவையில்லை.

சம்பளம் சட்டப்படி எவ்வளவு? ஈ.பி.எப். கட்டினால் எனக்குக் கட்டுப்படியாகுமோ?

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) முதலாளி 12 வீதம், வேலையாளின் சம்பளத்தில் பிடிப்பது 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எப்.) முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து மேலதிகமாகப் போவது 3,600உம் 900உம், ஆகமொத்தம் 4,500.

கட்டுப்படியாகாத கடைகளும் இருக்கின்றன, பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் என்னிடம் அப்படிச் சொல்கிற பலருடைய கணக்கில் சம்பளத்தைவிடப் பெரிய ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கும்: காலாவதியாகி எறிந்த சாமான், திரும்பி வராத கடன், வீட்டுச் செலவைக் கடைப் பெட்டியிலிருந்து எடுப்பது. முதலில் அவற்றை அடையுங்கள்.

வேலை செய்யிற பிள்ளையளே “ஈ.பி.எப். வேண்டாம், அந்தக் காசைக் கையில தாங்கோ” எண்டு கேக்கீனம். நான் என்ன செய்ய?

அது அவர்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமை இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கட்டியே ஆகவேண்டும். எழுதி வாங்கி வைத்தாலும் தொழில் திணைக்களத்தில் அந்தத் துண்டு நிற்காது.

ஆனால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று பாருங்கள். இன்றைக்கே காசு போதவில்லை. ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வருகிற காசைப் பற்றி யோசிக்க ஆறுதல் இல்லை. மேலே சொன்ன சம்பளத்தில் இருவர் பங்கும் சேர்ந்து மாதம் 6,000, வருடத்துக்கு 72,000 அவர்கள் பெயரில் சேர்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதை யாரும் தாளில் எழுதிக் காட்டியதே இல்லை. எழுதிக் காட்டுங்கள். கட்டிய கணக்கைத் தாங்களே பார்க்கவும் பழக்கிவிடுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட முதலாளிமாரும் ஊரில் இருந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வறுமை எண்டு சொல்லீனம், ஆனால் வேலைக்கு ஆள் கிடைக்குதில்லையே! எல்லாரும் வெளிநாடு போகத்தானே நிக்கீனம்?

வெளிநாடு போகக் காசு கட்டக்கூடியவர் இந்த ஊரின் கடைசி ஏழை அல்ல. வேலை தேடியும் கிடைக்காதவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். உங்கள் அறிவித்தல் அங்கே போகவில்லை. கணவனை இழந்து பிள்ளைகளோடு நிற்கிற பெண்ணுக்குக் காலை எட்டரைக்கு முதலும் பின்னேரம் இரண்டுக்குப் பிறகும் வர முடியாது. யுத்தத்தில் காலை இழந்தவருக்கு உங்கள் கடைப் படி ஏற முடியாது. தீவுப்பகுதியிலிருந்தோ வடமராட்சி கிழக்கிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு, ஏழு மணிக்குக் கடை பூட்டினால் வீடு போக பஸ் இல்லை. நேரத்தை மாற்றிப் பாருங்கள், ஆள் வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குப் பிடிக்காது. “தெரிஞ்ச ஆளின்ர பிள்ளையைத்தான் எடுப்பம்” என்பது இங்கே நல்ல பழக்கமாகவே பேசப்படுகிறது. தெரிந்த ஆள் என்றால் பெரும்பாலும் சொந்த ஊர், சொந்தச் சாதி. காசுப் பெட்டிக்கு ஒரு பகுதி ஆட்கள், மூட்டை தூக்க இன்னொரு பகுதி ஆட்கள் என்று பிரித்து வைத்துவிட்டு ஆள் இல்லை என்று கவலைப்படக்கூடாது. வெற்றிடத்தைக் கிராம அலுவலர் பணிமனையில் ஒட்டுங்கள். யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

நுண்கடன் குடுத்தால் சனம் தாங்களே தொழில் தொடங்குமே?

சிலர் தொடங்கினார்கள். பலர் கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன் எடுத்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாடு முற்றியதால்தான் 2018இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்து, வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தது. 35 வீதமே உச்சவரம்பு என்றால், அதற்கு முதல் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்.

வாங்க ஆள் இல்லாத பொருளுக்குக் கடன் கொடுத்தால், பொருளும் நிற்கும், கடனும் நிற்கும். மிக்சர் போடுகிற அம்மாவுக்குக் கடன் தேவைப்பட்டதே உங்கள் காசோலை பிந்தியதால்தானே?

கூட்டுறவு எல்லாம் சங்கக்கடைக் காலத்துக் கதை. இப்ப ஆருக்கு வேணும்?

அரசியல் புகுந்து, கணக்குக் காட்டாமல் கெட்டுப்போன சங்கங்கள் நிறைய. இருந்தாலும் பனையைப் பாருங்கள். கள்ளுச் சீவுகிறவர்கள் ஒருகாலம் தவறணை என்கிற கள்ளுக்கடையின் குத்தகைக்காரரின் கையில் இருந்தார்கள். மரம் ஏறி உயிரைப் பணயம் வைப்பவர் ஒருவர், விலை சொல்பவர் இன்னொருவர். 1970களில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு விற்பனை அவர்கள் கைக்கு வந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. தனியொருவராக விலை பேச முடியாத இடத்தில் சேர்ந்து பேசுவது இன்றைக்கும் தேவை.

முதலாளிக்கு இதில் என்ன? ஒடியல்மா, பனங்கட்டி, பனையோலைப் பெட்டி வாங்குகிறவர் என்றால் இருபது வீட்டுக்கு அலையாமல் ஒரு சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். தரமும் அளவும் ஒரே சீராக வரும்.

லண்டனில இருக்கிற அண்ணா காசு போடத் தயார். ஊருக்குப் பிரயோசனமா என்ன தொடங்கலாம்?

தயவுசெய்து இன்னொரு கல்யாண மண்டபம் வேண்டாம்.

புதிய தொழிற்சாலையும் முதல் யோசனையாக இருக்கவேண்டியதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டு, ஓடர் இருந்தும் கைமுதல் இல்லாமல் மூச்சுத் திணறுகிற சிறு தொழில்கள் ஊரில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கறித்தூள், புழுக்கொடியல், பனாட்டு எல்லாம் லண்டனிலும் ரொறன்ரோவிலும் தமிழ்க் கடைகளில் போகிற பொருட்கள். உடைவது எங்கே? ஒருமுறை காரம் கூட, மறுமுறை குறைய. ஈரம் சரியாகப் போகாமல் பூஞ்சணம். பொதியில் அங்கத்தைய சட்டப்படி விபரம் இல்லை. ஒரு உலர்த்தும் இயந்திரத்துக்கும், ஈரமானிக்கும், ஒழுங்கான பொதி அச்சுக்கும் காசு போட்டால் அது பத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அண்ணாவிடம் காசைவிட ஓடரைக் கேளுங்கள். அங்கே கடைக்காரரோடு பேசி, மாதம் இவ்வளவு எடுப்போம் என்று உறுதி வாங்கி, பாதிக் காசை முற்பணமாக அனுப்பச் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்பதற்காக எழுத்தில்லாமல் தொடங்காதீர்கள்.

சூழலுக்கு நல்லது செய்யிறதெண்டால் செலவு கூடுமே. சோலார், பொலித்தீன் இல்லாத பை... ஆர் காசு குடுக்கிறது?

சிலது செலவு, சிலது சேமிப்பு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பயப்படுகிறார்கள். 2022 ஆகஸ்டில், தோட்டத்துப் பம்புகளுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. பகலில் மின்சாரம் அதிகம் இழுக்கிற ஆலைக்கும் குளிர் அறைக்கும் சோலார் இன்றைக்குக் கணக்குப்படி சரிவரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: சோலார் பம்பு வந்ததும் “கரண்ட் காசு இல்லைத்தானே” என்று நாள் முழுக்க இறைத்தால், முதலாவது பதிலில் சொன்ன உவர் வேகமாக ஏறும். பம்புக்கு நேரம் வையுங்கள்.

பையைவிட முக்கியம் குழி. விடுதி, உணவகம், வாகனம் கழுவுகிற இடம் நடத்துகிறவர்கள் காகித உறிஞ்சுகுழாய் வாங்கி முகநூலில் படம் போடுவதற்கு முதல், மலக்குழி அடியில் கட்டியதா திறந்ததா என்று பார்க்கவேண்டும். எங்கள் மண்ணில் திறந்த குழி என்பது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நேரே குழாய் போட்ட மாதிரி.

அவசரப்பட்டும் செய்யக்கூடாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்து நவம்பரில் அரசு பின்வாங்கியது. இடையில் நட்டப்பட்டவர் கமக்காரர். உங்களுக்கு மரக்கறி தருகிறவரிடம் “இனி இயற்கை உரம் மட்டும்தான்” என்று கேட்பதென்றால், விளைச்சல் குறைகிற முதல் சில போகங்களுக்கு விலையில் நீங்களும் பங்கெடுக்கவேண்டும்.

கடலட்டைப் பண்ணை வேலை குடுக்குது, டொலரும் கொண்டு வருது. அது நல்லதோ கூடாதோ?

இதில்தான் அதிகம் சண்டை வரும். கடலடியில் ஊர்கிற கடலட்டை நாங்கள் சாப்பிடுகிற பொருள் இல்லை. சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. நல்ல விலை. சிறு மீனவர் சிலர் தாங்களே பண்ணை போட்டு முன்னேறியிருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது.

ஆனால் பண்ணை வேலி போடுகிற ஆழமில்லாத கடல் வெறும் இடம் அல்ல. சிறகுவலை போடுகிறவர், இறால் பிடிக்கிறவர், வள்ளம் இல்லாமல் நடந்து போய்த் தொழில் செய்கிறவர் எல்லாருக்கும் அதுதான் வயல். பத்துப் பேருக்கு வேலை வந்தது என்று எண்ணுகிறவர்கள், வேலிக்கு வெளியே நிற்கிறவர்களை எண்ணுவதில்லை. ஆகவே நான் கேட்கிற கேள்விகள்: அனுமதி யாருக்குக் கிடைத்தது? அந்த ஊர்க் கடற்றொழிலாளர் சங்கம் சம்மதித்ததா? பாதை விட்டிருக்கிறதா? வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால், அவர் விலையை விழுத்தினால் என்ன திட்டம்? இவற்றுக்கு நேரான பதில் உள்ள பண்ணை ஊருக்கு நல்லது. பதில் சொல்லாமல் டொலர் கணக்கு மட்டும் காட்டுகிற பண்ணையை நான் நல்லது என்று சொல்லமாட்டேன்.

நான் எல்லாம் ஒழுங்காச் செய்ய, பக்கத்துக் கடைக்காரன் சம்பளத்தையும் குறைச்சு விலையையும் குறைச்சு விப்பான். அப்ப நான் என்ன செய்யிறது?

கஷ்டமான கேள்வி. எங்கள் சனம் அஞ்சு ரூபாவுக்கு அடுத்த சந்திக்கு நடக்கிற சனம். நல்ல முதலாளி என்று கூட விலை கொடுக்காது. ஆகவே விலையில் போட்டி போடவேண்டிய சாமானுக்கு விலையில்தான் போட்டி போடவேண்டும்.

உங்களுக்குக் கிடைப்பது வேறு இடத்தில். உடனே காசு கொடுக்கிற கடைக்கு நல்ல சாமான் முதலில் வரும். தட்டுப்பாட்டுக் காலத்தில் இது தெரியும். ஆள் அடிக்கடி மாறாத கடையில் களவும் கழிவும் குறையும். மற்றது, தனியாக மாற்ற முடியாததை வணிகர் சங்கத்தில் சேர்ந்து மாற்றலாம்: பத்து வீதக் கழிவை எல்லாரும் ஒரே நாளில் நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை. இவ்வளவுக்குப் பிறகும் இலாபம் கொஞ்சம் குறையலாம். குறையாது என்று நான் உறுதி தரமாட்டேன்.

தொழில் செய்யிறவையால மாத்த ஏலாத வறுமையும் இருக்கோ?

இருக்கிறது. கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடிப் படகு வந்து வலையை அறுத்துப் போனால் மீன் வாங்குகிற முதலாளியால் என்ன செய்ய முடியும்? இலங்கையில் 2017இலேயே இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டார்கள். இந்தியப் படகுகள் இன்னும் வருகின்றன. இராணுவம் இன்னும் விடுவிக்காத காணியில் தோட்டம் செய்ய முடியாது. இவை அரசியலால் தீரவேண்டியவை. தொழில்முனைவோர் இவற்றையும் தாங்கள் தீர்ப்போம் என்று மேடையில் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும்.

எங்கட கடையால ஆருக்கும் நன்மை வந்ததோ எண்டு எப்பிடி அறியிறது?

அறிக்கை, சான்றிதழ், புகைப்படம் ஒன்றும் வேண்டாம். கணக்குக் கொப்பியிலேயே இருக்கிறது. சிறு வழங்குநருக்குக் கொடுக்கவேண்டிய காசு சராசரி எத்தனை நாள் பிந்துகிறது என்று மாதாமாதம் எழுதுங்கள். போன வருடம் சாமான் தந்த சிறு ஆட்களில் எத்தனை பேர் இந்த வருடமும் தருகிறார்கள் என்று பாருங்கள்.

மற்றது, மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு முற்பணம் கேட்டு வருகிற வேலையாட்கள் எத்தனை பேர் என்று குறித்து வையுங்கள். அந்த எண் குறைந்தால் நல்லது. அதற்காக, கேட்கப் பயந்துகொண்டு வெளியில் வட்டிக்கு எடுக்கிறார்களோ என்பதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.